வெங்காய வேர் நுனியில் எண்ணப்படாத செல்கள்

செல் பிரிவதைப் பள்ளி ஆய்வகத்தில் கண்ணால் காட்ட, வெங்காயத்துக்கு நிகரான பொருள் இன்னும் கிடைத்தபாடில்லை. அதன் உடல் செல்லில் 16 குரோமோசோம்கள்தான். எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. சாம்பாருக்கு உரிக்கும் சின்ன வெங்காயத்திலும் அதே 16. அடிப்பகுதி நீரில் படும்படி டம்ளர் வாயில் உட்காரவைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கிவிடும். பிரியும் செல்களைத் தேடி அலையவும் வேண்டாம். வேர் நுனியின் ஓரிரு மில்லிமீட்டருக்குள் குவிந்து கிடக்கின்றன. இந்தச் செய்முறை தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்கு மலிவு மட்டும் காரணமல்ல. இது நல்ல செய்முறை. நாம் அதை நடத்தும் விதத்தில்தான் கோளாறு என்பது என் கட்சி.

வெட்டிய வேரை மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போடுகிறோம். ஒவ்வொரு செல்லும் அப்போது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் உயிரை விட்டு நின்றுவிடுகிறது. பிறகு, சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அதில் இளகிவிடும். அசிட்டோகார்மைனில் சாயமேற்றி, நுனியை மட்டும் ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பை மூடி, மேலே பிளாட்டிங் பேப்பரை மடித்து வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் நேர் கீழாக இறங்க வேண்டும். விரல் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தாலும் செல்கள் உருண்டுவிடும். அழுத்தம் போதாவிட்டால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து வெறும் சிவப்புத் திட்டாகத் தெரியும். இந்தக் கைப்பக்குவம் எந்தக் காணொளியிலும் வராது.

சரியாக அழுத்திய ஸ்லைடு, பாடப்புத்தகப் படம் சொல்லாத இரண்டு செய்திகளைச் சொல்லும். பார்வையில் படும் செல்களில் மிகப் பெரும்பாலானவை பிரிந்துகொண்டிருக்கவில்லை என்பது ஒன்று. படத்தில் இடைக்கால நிலைக்கு ஒரு பெட்டி, மற்ற நான்கு நிலைகளுக்கும் அதே அளவில் ஒவ்வொரு பெட்டி. ஸ்லைடிலோ இடைக்காலச் செல்கள் கூட்டமாக நிற்க, அனாநிலையில் ஒரு செல்லைப் பிடிக்கக் கண் பூத்துப்போகும். இன்னொன்று, மெட்டாநிலை. நடுக்கோட்டில் வரிசை கட்டி நிற்கும் என்று படித்த மாணவி, துருவப் பக்கமிருந்து தெரியும் ஒரு செல்லைக் காணும்போது அங்கே கோடே இல்லை. பரந்த வட்டமாகக் குரோமோசோம்கள் கிடக்கின்றன. அது கோடல்ல, தட்டு என்பது அப்போதுதான் விளங்கும்.

இத்தனை இருந்தும் ரெக்கார்டு நோட்டில் ஏறுவது என்ன? நான்கு நிலை, நான்கு படம். தேர்வு நாளில் நிரந்தர ஸ்லைடு ஒன்றைக் காட்டி நிலையின் பெயரைக் கேட்பார்கள், சொன்னால் மதிப்பெண். ஆகவே பிள்ளைகள் ஸ்லைடைப் பார்த்து வரைவதில்லை, கைடைப் பார்த்து வரைகிறார்கள். வெங்காய வேர் என்று தலைப்பிட்ட பக்கத்தில், இரு துருவங்களிலும் சென்ட்ரியோல். டீலோநிலையில் இடுப்பு ஒடுங்கிய செல். வெங்காயத்தில் சென்ட்ரியோலே கிடையாது. அதன் செல் வெளியிலிருந்து உள்நோக்கி ஒடுங்குவதும் இல்லை. கோல்கை உறுப்பிலிருந்து வரும் நுண்பைகள் நடுவில் கூடிச் செல் தட்டாகி, அங்கிருந்து வெளிச்சுவரை நோக்கி வளர்கின்றன. வரைந்திருப்பது விலங்குச் செல். கண்ணெதிரே உள்ள சான்றை ஒதுக்கிவிட்டு அச்சிட்ட படத்தை நம்பப் பழக்குகிறோம்; அறிவியல் வகுப்பில் இது நடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

செய்முறைக்கே உரிய குறையும் ஒன்று உண்டு. செத்த செல்லில் காலம் இல்லை. எந்த நிலைக்குப் பின் எந்த நிலை என்பதை ஸ்லைடு தானாகச் சொல்லாது. மைட்டாசிஸ் எனப்படும் இந்தச் செல் பிரிவை 1882இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதிய வால்தர் பிளெம்மிங், சாலமாண்டர் லார்வாக்களில் சாயமேற்றிய செல்களோடு உயிருள்ள செல்களையும் பார்த்துத்தான் வரிசையை உறுதிசெய்தார். குரோமோசோம்களை விலக்கி இழுக்கும் கதிர்கோல் இழைகளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள்: அவை உண்மையிலேயே செல்லில் இருப்பவையா, அமிலமும் ஆல்கஹாலும் உண்டாக்கிய தோற்றமா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. ஷின்யா இனூவே முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் உயிருள்ள செல்களிலேயே அவற்றைக் காட்டியது 1953இல். இந்த வரலாற்றில் ஒரு வரியாவது வகுப்பில் சொன்னால், ஸ்லைடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிள்ளைகளுக்குப் பிடிபடும். பிரியச் சொல்லிக் கட்டளையிடுவது எது என்பதும் ஸ்லைடில் தெரியாததுதான். அதை விளக்கிய ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் செத்த செல்களை எண்ணினால் காலம் திரும்பி வருகிறது. இந்தச் செய்முறையில் நாம் வீணடிப்பது இதைத்தான். பிரியாத செல்லை ஓய்வெடுக்கும் செல் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் கதிரியக்க பாஸ்பரஸை ஒரு வகை அவரையின் வேருக்கு ஊட்டி, வெவ்வேறு நேரங்களில் நுனிகளை வெட்டி, எந்தச் செல்லில் அது ஏறியிருக்கிறது என்று பார்த்தார்கள். டி.என்.ஏ. இரட்டிப்பது பிரிவின்போதல்ல, அதற்கு முந்தைய இடைக்காலத்தின் ஒரு பகுதியில் என்பது தெரியவந்தது. இன்று ஜி1, எஸ், ஜி2 என்று நாம் மனப்பாடம் செய்விக்கும் பகுப்பு 1953இல் அவர்கள் தந்தது. அதற்கும் அடிப்படை, கொன்று நிறுத்திய வேர் நுனிதான்.

பள்ளியில் கதிரியக்கம் வேண்டாம், எண்ணினால் போதும். 500 செல்களில் 50 பிரிவில் இருந்தால் மைட்டாடிக் குறியீடு 10 விழுக்காடு. முழுச் சுழற்சிக்கு 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பிரிவுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம். இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு: ஒரு செல் இரண்டாகும்போது இளம் செல்கள் எப்போதும் கூடுதலாக இருக்கும், பிரிவதையே விட்டுவிட்ட செல்களும் எண்ணிக்கையில் கலந்துவிடும். அதனால் பிரிவு நேரம் குறைவாகத் தெரியும். இப்படி ஓட்டையைத் தேடவைப்பது நான்கு பெயர்களை ஒப்பிக்க வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

வெங்காய வேர் பள்ளியோடு நின்ற பொருளல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவான் 1938இல் அதைக் கோல்ச்சிசினில் வைத்துப் பார்த்தார். கதிர்கோல் உருவாகவில்லை, இரட்டித்த குரோமோசோம்கள் விலகிப்போக வழியின்றி ஒரே செல்லில் தங்கின. நம் செங்காந்தள் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் அதே நஞ்சுதான் கோல்ச்சிசின்; கண்வலிக்கிழங்கு என்று தமிழ்நாட்டில் பயிரிடுவதும் அதற்காகவே. 1956இல் ஜோ ஹின் ஜியோவும் லெவானும் மனிதச் செல்லில் இருப்பவை 48 அல்ல, 46 குரோமோசோம்கள் என்று காட்டியபோதும் கோல்ச்சிசின் கைகொடுத்தது. கொடிய நஞ்சு என்பதால் பள்ளி மேசைக்கு அது வேண்டாம், கதை மட்டும் வரட்டும்.

வேலையை மிச்சப்படுத்த, செய்முறையை விட்டுவிட்டுக் காணொளி காட்டும் வழக்கம் பரவுகிறது. காணொளியில் ஓட்டம் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது காட்டுவது பிரிவதற்கென்றே தேர்ந்தெடுத்த ஒரு செல்லை. சுற்றியிருக்கும் பிரியாத கூட்டம் மறைந்துபோகிறது. இரண்டும் வேண்டும். மாற வேண்டியது மதிப்பெண் முறை: படத்துக்குப் பாதி, எண்ணிக்கைக்குப் பாதி. ஒவ்வொருவரும் தன் ஸ்லைடில் 200 செல்களை எண்ணிக் கரும்பலகையில் எழுதட்டும்; 30 பேர் வகுப்பில் 6000 செல்கள் சேரும். ஒரு மேசையில் 4 விழுக்காடும் அடுத்த மேசையில் 12 விழுக்காடும் வந்தால் பிள்ளைகளே காரணம் கேட்பார்கள்: நுனியைத் தாண்டி மேலே வெட்டிவிட்டோமா, வேரை எந்த நேரத்தில் எடுத்தோம், நூல்போலத் திரளத் தொடங்கிய செல்லை யார் புரோநிலையில் சேர்த்தது, யார் சேர்க்காமல் விட்டது?