இந்த வாரம் என்ன பார்க்கலாம்?

வியாழக்கிழமை மாலையானால் போதும், 'இந்த வாரம் ஓடிடியில் என்ன பார்க்கலாம்?' என்ற தலைப்பு நாலாபக்கமும் முளைத்துவிடுகிறது. வார இதழ்களின் இணையப் பக்கங்கள், யூடியூப் சேனல்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் என எங்கும் அதே பட்டியல்தான்: படத்தின் பெயர், தளத்தின் பெயர், வெளியாகும் தேதி, மொழி. வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு ரிமோட்டைக் கையில் எடுக்கும்போது அந்தப் பட்டியலைத்தான் பெரும்பாலோர் நினைவுபடுத்திக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான். தொலைக்காட்சி பார்ப்பதை நேரப்போக்கு என்று ஒதுக்கிவிடுகிறவன் அல்ல நான். ஒரு நல்ல தொடரைப் பற்றி நாலு பேரிடம் பேசினால்தான் அதைப் பார்த்த நிறைவே வருகிறது. அதனால்தான் இந்த வாராந்தரப் பரிந்துரைப் பழக்கத்தை அக்கறையோடு அலசிப் பார்க்கத் தோன்றுகிறது. 'என்ன பார்க்கலாம்' என்று தலைப்பிட்டுவிட்டு 'என்ன வந்திருக்கிறது' என்பதை மட்டுமே அது சொல்கிறது. இரண்டும் வேறுவேறு.

இந்தக் கேள்விக்கே இடமில்லாத காலம் ஒன்று இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம் தமிழ் வீடுகளுக்கு அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம் என்று வாரம் தானாகவே வகுக்கப்பட்டிருந்தது. 1993-ல் சன் டிவி வந்தபிறகு சேனல்கள் பெருகின, ஆனாலும் எந்த நேரத்தில் எது என்பதைச் சேனல்காரர்களே முடிவுசெய்தார்கள். நிலைமையைத் தலைகீழாக்கியது 2020. தியேட்டர்கள் மூடிக் கிடந்த அந்த மே மாதம் 29-ம் தேதி 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று', மறு வருடம் 'சார்பட்டா பரம்பரை', 'ஜெய் பீம்'. ரிலீஸ் தினம் என்பது வீட்டுக்குள் வந்துவிட்டது. தளங்களோ ஐந்தாறு, மொழிகளோ அதற்கும் மேல். யாராவது ஒருவர் எல்லாவற்றையும் திரட்டிக் கொடுத்தால்தான் சாமானிய ரசிகருக்குத் திக்கு புரியும். பட்டியல் பிறந்தது அப்படித்தான், அந்தத் தேவை இன்றும் குறையவில்லை.

அதன் பெரிய நன்மை, சின்னப் படங்களுக்குக் கிடைக்கும் இடம். மணிகண்டனின் 'கடைசி விவசாயி' 2022 பிப்ரவரி 11-ல் தியேட்டருக்கு வந்தது. சரியாக ஒரு மாதத்தில், மார்ச் 11-ல், சோனிலிவில் வந்துவிட்டது. நட்சத்திரப் படங்களுக்கே திரைகளை ஒதுக்கும் ஊர்களில் இப்படிப்பட்ட படத்துக்கு ஒரு காட்சி கிடைப்பதே கஷ்டம். ஆனால் வாரப் பட்டியலில் பெரிய நடிகரின் படத்துக்கும் ஒரு வரி, நல்லாண்டி என்கிற முதிய விவசாயி நாயகனாக நடித்த படத்துக்கும் ஒரு வரி. இந்தச் சமத்துவம் போஸ்டரிலும் கிடையாது, தியேட்டர் வாசலிலும் கிடையாது. பெருமாள்முருகனின் சிறுகதையிலிருந்து உருவான 'சேத்துமான்' தியேட்டருக்கே வராமல் அதே ஆண்டு மே மாதம் சோனிலிவில் வெளியானபோது, அப்படி ஒரு படம் இருக்கிறது என்பதைப் பலருக்குச் சொன்னது இந்த மாதிரிப் பட்டியல்தான். மலையாளப் படங்களைத் தமிழ்க் குடும்பங்கள் இவ்வளவு சகஜமாகப் பார்க்கத் தொடங்கியதிலும் இதற்குப் பங்கு உண்டு.

ஆனால் ரயில் நிலைய ஒலிபெருக்கி எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்லுமே தவிர, நாம் எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்லாது. பட்டியலின் நிலையும் அதுதான். சொல்லவேண்டிய அடிப்படைத் தகவல்களைக்கூடப் பல பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. சந்தா கட்டியிருந்தால் பார்க்கலாமா, தனியாக வாடகை கட்டவேண்டுமா? தமிழ் டப்பிங் இருக்கிறதா, சப்டைட்டில் மட்டுமா? கண் மங்கிய பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கிற வீட்டில் இந்த இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வயது வரம்பு இன்னொன்று. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு படத்துக்கும் தொடருக்கும் யூ, யூ/ஏ 7+, யூ/ஏ 13+, யூ/ஏ 16+, ஏ என்று தளங்களே வகைப்படுத்திக் காட்டவேண்டும். தகவல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதை எடுத்து ஒரு சொல்லாகப் பெயருக்குப் பக்கத்தில் போடுவதற்கு எத்தனை நேரம் ஆகிவிடும்? அதைச் செய்கிற பட்டியலைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது.

'ஓடிடி' என்ற தலைப்பே ஒரு பகுதி மக்களை வெளியே நிறுத்திவிடுகிறது என்பதும் என் மனக்குறை. யோகி பாபு முடிதிருத்துபவராக நடித்த 'மண்டேலா' 2021 ஏப்ரல் 4-ல் முதலில் வெளியானது விஜய் டிவியில். அதற்குப் பிறகுதான் நெட்ஃபிளிக்ஸ். ஹலிதா ஷமீமின் 'ஏலே'யும் அதே ஆண்டு பிப்ரவரியில் அதே சேனலில் நேரடியாக வந்தது. சந்தா கட்ட வசதியில்லாத வீடுகளுக்கு நல்ல சினிமா இப்படியும் வந்து சேரும். இந்த ஞாயிறு எந்தச் சேனலில் என்ன நல்ல படம் என்று எழுதுகிற வழக்கமோ மெல்ல மெல்லக் கைவிடப்பட்டுவிட்டது.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். பட்டியலின் ஆழமான கோளாறு, புதியதாக இருப்பதையே தகுதியாக எடுத்துக்கொள்வது. 'கூழாங்கல்' படத்தை நினைத்துப் பார்க்கிறேன். பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம். 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். சோனிலிவில் நம் வீட்டுக்கு வந்தது 2023 அக்டோபர் 27-ல். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மனைவியை அழைத்துவரக் குடிகாரக் கணவன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். கொளுத்தும் வெயிலில் பொட்டல் வழியே அப்பனும் பிள்ளையும் நடக்கிறார்கள். தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான் சிறுவன். வீடு வந்ததும் அதை அவன் எடுத்துவைக்கிற இடத்தில் அதே மாதிரிக் கற்கள் ஏற்கெனவே கிடக்கின்றன. இந்த நடை எத்தனை முறை நடந்திருக்கிறது என்பது ஒரு வசனமும் இல்லாமல் நமக்கு உறைக்கிறது. ஒன்றேகால் மணி நேரப் படம்தான். அது நம்மை வந்தடைய இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆனது. பட்டியலில் அதற்குக் கிடைத்த ஆயுள் ஏழு நாள். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு பெயர்கள் வந்தன, இது கீழே போயிற்று. இனி எந்த வாரப் பட்டியலும் அதைப் பற்றிப் பேசாது, ஏனென்றால் அது இனி ஒருபோதும் 'இந்த வாரம்' வெளியாகப்போவதில்லை.

எண்களை நம்பலாமே என்பார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2021 நவம்பரிலிருந்து வாராவாரம் டாப் 10 வெளியிடுகிறது. மொத்தம் பார்க்கப்பட்ட மணி நேரத்தை அந்தப் படத்தின் அல்லது தொடரின் நீளத்தால் வகுத்து வருவதைத்தான் இப்போது 'வியூஸ்' என்று காட்டுகிறார்கள். பத்துப் பேர் பாதியில் எழுந்து போனாலும் ஐந்து பேர் முழுதாகப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான். சீரியல்களுக்கு வியாழக்கிழமைதோறும் வரும் டிஆர்பி பட்டியலும் எந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லும், பார்த்தவருக்கு மனம் நிறைந்ததா என்று சொல்லாது. விளம்பரதாரருக்கு இவை போதுமானவை. வெள்ளிக்கிழமை இரவு ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பவருக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை.

பயன்படுவது, பார்த்த ஒருவர் சொல்கிற சொல். 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021 ஜனவரி 15-ல் வெளியானபோது அது நீஸ்ட்ரீம் என்ற சிறிய மலையாளத் தளத்தில் இருந்தது. நம்மில் பலருக்கு அந்தத் தளத்தின் பெயரே தெரியாது. தினம் மூன்று வேளையும் நறுக்கி, அரைத்து, பொங்கி, மேசையில் சிந்திக் கிடக்கும் எச்சிலையும் துடைக்கிற ஒரு பெண்ணைப் பற்றிய படம். பார்த்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், அதைப் பற்றிப் பேசிப் பேசியே ஊரெங்கும் கொண்டுபோனார்கள். சில மாதங்களில் அமேசான் பிரைமுக்கும் வந்துவிட்டது. பின்னால் தமிழிலும் எடுத்தார்கள். பெரிய தளங்களை மட்டும் வரிசைப்படுத்துகிற பட்டியல் இந்தப் படத்தைக் கண்டுகொண்டிருக்க வழியில்லை. கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் ரசிகர்கள்.

என் அக்கா திருநெல்வேலியிலிருந்து வாரக் கடைசியில் அனுப்பும் ஆடியோக்களுக்காகக் காத்திருப்பேன். "முதல் எபிசோடு கொஞ்சம் இழுக்கும், விட்டுராத. நாலாவதுக்கு மேல பிள்ளைகளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பார்க்காத. கடைசி எபிசோடுல அந்த அம்மா நடிப்பு இருக்கே, அதுக்காகவே பார்க்கலாம்." இவ்வளவுதான். திறனாய்வுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் எங்கே பொறுமை வேண்டும், யாரோடு பார்க்கலாம், எதற்காகப் பார்க்கவேண்டும் என்று மூன்றும் வந்துவிட்டன. விமர்சகர்கள் எழுதும் பல நீண்ட மதிப்புரைகளில் எனக்கு இவை கிடைப்பதில்லை.

இந்தச் சொல்லுக்கும் பலவீனம் உண்டு. வாரக் கெடு ரசிகரையும் விரட்டுகிறது. எபிசோடுக்கு முக்கால் மணி வீதம் எட்டு எபிசோடு என்றால் ஆறு மணி நேரம். வெள்ளிக்கிழமை வெளியாகும் தொடரைப் பற்றிச் சனிக்கிழமை காலையில் கருத்துச் சொல்லவேண்டுமானால் இரவெல்லாம் விழித்திருக்கவேண்டும், அல்லது இரண்டு எபிசோடோடு தீர்ப்புச் சொல்லவேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. 2022-ல் வந்த புஷ்கர்–காயத்ரியின் 'சுழல்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் தொழிற்சங்கப் போராட்டம், சிமென்ட் ஆலையில் தீ, காணாமல்போன ஒரு பெண், பின்னணியில் மயானக்கொள்ளைத் திருவிழா. இரண்டு எபிசோடு பார்த்தவர் 'விறுவிறுப்பான போலீஸ் கதை, குடும்பத்தோடு உட்காரலாம்' என்று நம்பிக்கையாகவே சொல்லிவிடுவார். போகப்போகத்தான் அது குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைப் பற்றிய கதை என்று தெரியவரும். அந்தப் பரிந்துரையை நம்பிப் பிள்ளைகளோடு உட்கார்ந்த வீட்டின் சங்கடத்துக்கு யார் பொறுப்பு? மெதுவாகத் தொடங்கிப் பின்னால் கனமேறும் தொடர்களுக்கு இதே அவசரம் நேர்மாறான தீங்கு செய்கிறது. 'முதல் எபிசோடே தேறவில்லை' என்ற ஒரு வரியோடு அவை கைவிடப்படுகின்றன.

பிடித்த நடிகர் என்பதற்காகத் தூக்கிப் பேசுவது, கதையின் முடிச்சை ஆர்வக்கோளாறில் அவிழ்த்துவிடுவது எல்லாம் பழைய வியாதிகள், அவை இருக்கத்தான் செய்யும். எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. திங்கட்கிழமை அலுவலகத்தில் பேச்சில் கலந்துகொள்ளவேண்டும் என்பதற்காகவே தொடரை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறவர்களை அறிவேன். ஒரு முகம் மௌனமாக இருக்கும் கணத்தை வேகமாக ஓட்டிவிட்டால் அந்தத் தொடரில் மிச்சம் என்ன இருக்கும்?

வாரம் சில எபிசோடுகளாக வருகிற தொடர்கள் இந்த நெருக்கடியைக் கொஞ்சம் தளர்த்துகின்றன. 2024 மார்ச்சில் ஹாட்ஸ்டாரில் தொடங்கிய 'ஹார்ட் பீட்' அப்படி வளர்ந்து முதல் சீசனிலேயே 100 எபிசோடு வரை போயிற்று. மருத்துவமனையில் பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர்களின் கதை. இந்த வாரம் பிடிக்காத பாத்திரம் அடுத்த மாதம் பிடித்துப்போகிறது. ரசிகர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளக் கதையே அவகாசம் தருகிறது. தொண்ணூறுகளில் 'மர்மதேசம்' வாரம் ஒருமுறை வந்தபோதும் இதுதான் நடந்தது. அதன் 'விடாது கருப்பு' கதையில் குதிரையேறி வருவது யார் என்று வாரமெல்லாம் பள்ளிக்கூடங்களிலும் டீக்கடைகளிலும் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊகமும் கதையின் ஒரு பங்காக இருந்தது. ஒரே மூச்சில் எட்டு எபிசோடையும் கொட்டுகிற முறையில் அதற்கு நேரமில்லை.

எனவே பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். புதியவற்றுக்கு நடுவே பழையது ஒன்றாவது அதில் இருக்கவேண்டும். மாதவிலக்கை மறைத்துப் படிப்பைத் தொடரப் போராடும் பெண்ணின் கதையான 'அயலி' 2023 ஜனவரியில் வந்தது. அதை இன்று முதல்முறை பார்க்கிறவருக்கு அது இந்த வாரத் தொடர்தானே? உரிமம் முடிந்து தளத்தைவிட்டுப் போகப்போகிற படங்களையும் முன்கூட்டித் தெரிந்தால் எழுதலாம். வருகிறவற்றுக்கு இத்தனை அறிவிப்பு இருக்கும்போது, போகிறவற்றைத் தேடி ஏமாறுவது பார்வையாளர்தான். நான் என் வரையில் புதிய தொடர் எதையும் வெளியான வாரத்திலேயே தொடங்குவதில்லை. ஒரு வாரம் ஆறவிட்டு, முழுதும் பார்த்த ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். இதனால் எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

பரிந்துரை எழுதுகிறவர்களிடமும், வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போடுகிற நண்பர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒரு தொடரைப் பார்க்கச் சொல்லும்போதோ வேண்டாம் என்று சொல்லும்போதோ, எத்தனை எபிசோடு பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள்.