முத்திரையில் நிற்கும் கோபுரம்

எங்க வீட்டுக்குள்ள முதன்முதலா வந்த கோபுரம் காகிதத்துலதான் வந்தது. நான் பத்தாவது படிக்கையில் தாலுகா ஆபீஸ் வாசலில் நாள்கணக்காய் நின்று அம்மா வாங்கிவந்த சாதிச் சான்றிதழ். மேலே அரசு முத்திரை, கீழே 'ஆதி திராவிடர்'.

மயிலாப்பூர் மாடவீதி வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள் அம்மா. கபாலீஸ்வரர் கோயிலின் 120 அடிக் கோபுரத்தை ரோட்டில் நின்றே கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவாள். ஏம்மா உள்ள போகலன்னு கேட்டா, "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்டா, அது போதும்" என்பாள். அவளை யாரும் தடுக்கவில்லை. தடுக்க ஆளே வேண்டாத அளவுக்குப் பழமொழி வேலை செய்திருந்தது.

ஓவியர் கிருஷ்ணாராவ் வரைந்த இந்த முத்திரையைச் சென்னை மாகாண அரசு 1949-இல் ஏற்றது. அதிலிருப்பது சீவில்லிபுத்தூர் கோபுரம் என்பார்கள். இல்லை, மதுரை மேலைக் கோபுரம் என்பாரும் உண்டு. எந்தக் கோபுரம் என்று சண்டை போடுகிறவர்கள் எந்த ஆண்டு என்று யோசிப்பதில்லை. வைத்தியநாதய்யர் தலைமையில் நம்மவர்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனது 1939 ஜூலை 8. மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947. சட்டம் வந்து இரண்டே வருஷத்தில் கோபுரம் எல்லோருக்கும் பொதுச் சின்னமாகிவிட்டது. வாசல் திறந்ததா என்று பார்க்கும் பொறுமைகூட இல்லை.

கோபுரம் தமிழர் கட்டடக்கலை, மதமல்ல என்று வாதிடுவார்கள். சரி. ஆனால் கோபுரம் என்பது வாசல். உள்ளே யார், வெளியே யார் என்று பிரிப்பதுதானே வாசலின் வேலை? வடமொழி வாசகம் 'வாய்மையே வெல்லும்' என்று தமிழானது, கோபுரம் அசையவில்லை. 1970-இல் கலைஞர் முன்வைத்த மாநிலக் கொடியின் மாதிரியிலும் அதே முத்திரைதான். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராவதற்கான மசோதாவும் அந்த ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. பயிற்சி முடித்தவர்கள் கூட்டாகப் பணி ஆணை வாங்க 2021 ஆகஸ்ட் ஆயிற்று.

2023 ஜூனில், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் தலித்துகளை உள்ளே விட மறுத்த தகராறில், வருவாய்த்துறை கோயிலையே பூட்டி சீல் வைத்தது. கோபுரத்தைச் சின்னமாக வைத்திருக்கிற அரசுக்கு, வாசலைத் திறந்துவிடுவதைவிட மூடுவது சுலபமாக இருந்திருக்கிறது.

மயிலாப்பூருக்குப் பக்கத்தில்தான் ராயப்பேட்டை. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, 1907-இல் அங்கிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், நம்மைப் பூர்வ பௌத்தர் என்று வரலாற்றைத் திருப்பி வாசித்தவர். அவர் கண்ணால் இந்த முத்திரையைப் பார்த்தால் முதலில் படுவது சிங்கம். அசோகரின் சாரநாத் தூண். புத்தர் முதல் அறவுரை சொன்ன மண்ணிலிருந்து வந்தது. அது கோபுரத்துக்கு உள்ளே இல்லை. முன்னால், வெளியே நிற்கிறது.

முத்திரையிலுள்ள கோபுரமும் வெளியிலிருந்து பார்த்த கோபுரம்தான். கருவறையிலிருந்து பார்க்கிறவனுக்கு அது அப்படித் தெரியாது. அது ரோட்டில் நின்ற எங்கம்மாவின் பார்வை. அரசு தன்னையறியாமல் நம் இடத்தில் நின்று தன் படத்தை வரைந்துகொண்டிருக்கிறது.

தோழர்களே, கோபுரத்தை அழிக்கச் சொல்லவில்லை. சான்றிதழை எடுத்து ஒருமுறை நிதானமாய்ப் பாருங்கள். வாய்மை வெல்லும் என்று எழுதிய காகிதத்திலேயே நம்மை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. அதை உரக்கப் படிப்போம்.