கோரஸில் சேராதவர்கள்

சென்னையில் சினிமாவுக்கு வெளியே ஓர் இசை உருவாகி வருகிறது என்று ஏறக்குறைய பத்து வருஷங்களாக உரக்கச் சொல்லி வருகிறோம். 'சுயாதீன இசை' என்று பெயரும் வைத்தாயிற்று. அதைப் பற்றி இதுவரை என் கண்ணில் பட்ட எழுத்துக்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வகைதான் தேறும்: ஆதரவு அறிக்கை, பேட்டி. பாட்டு எப்படி இருந்தது என்ற தகவல் இரண்டிலும் கிடைக்காது. நம் வட்டத்து நண்பர்களும் நிகழ்ச்சிகளுக்கு வருகிறார்கள். பின்வரிசையில் கைகட்டி நிற்கிறார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது 'முக்கியமான முயற்சி' என்கிறார்கள். இந்தச் சொற்சேர்க்கை தமிழில் எத்தனை காலமாக விமர்சனத்தைத் தட்டிக்கழிக்கும் உபாயமாக இருந்துவருகிறது என்று யாராவது ஆராயலாம்.

முதலில் 'சுயாதீனம்' என்ற சொல். வேறு நாடுகளில் பெரிய ரெக்கார்டு கம்பெனிகளிடமிருந்து விலகி நின்று இசைத்தட்டு போட்டவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது. நமக்குப் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிவிட்டபடியால் இங்கே அது சினிமாவிலிருந்து சுயாதீனம். ஒரு பாட்டு சினிமாவில் வரவில்லை என்பது அதன் விலாசத்தைப் பற்றிய தகவல். அதை வைத்துத் தரத்தை நிர்ணயிக்க முடியாது. பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி'யில் (2012), சந்தோஷ் நாராயணன் இசையில், கானா பாலா பாடியவற்றில் கானாவின் தொண்டை இருந்தது. சினிமாவில் வராத எத்தனையோ பாட்டுக்களில் அது இல்லை. சினிமா கூப்பிட்டதும் ஓடிவிடுகிறார்கள் என்று இந்த இளைஞர்கள்மேல் ஒரு புகார் உண்டு. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிறர் பணத்தை எண்ணி மாதச் சம்பளம் வாங்குகிற நான் யாருக்கும் துறவு போதிப்பதற்கில்லை.

வேறு ஒரு அளவுகோல் வேண்டும். பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு எலியட்டை 'பாழ்நிலம்' எழுதியவராகவும் மரபைப் பற்றிக் கட்டுரை எழுதியவராகவும் காட்டினார்கள். நம் சிறுபத்திரிகைகளிலும் அந்த எலியட்தான் புழங்குகிறார். 'பாழ்நிலம்' வெளிவந்த அதே 1922இல் மேரி லாயிட் என்ற மியூசிக் ஹால் பாடகி இறந்தபோது அவர் எழுதிய கட்டுரையை நாம் எடுத்துப் பேசுவதில்லை. (எலியட் அப்போது லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தா. பெயர்ப் பொருத்தம் தற்செயல்.) மியூசிக் ஹாலுக்குப் போய்க் கோரஸில் சேர்ந்து பாடிய தொழிலாளி நிகழ்ச்சியின் ஒரு பகுதியைத் தானே நிகழ்த்தினான், சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்தவன் வாங்கிக்கொள்கிறானே ஒழிய எதையும் திருப்பித் தருவதில்லை. கட்டுரையின் சாரம் இதுதான். கேட்பவனுக்குப் பாட்டில் வேலை இருக்கிறதா என்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. டிசம்பர் சபாவில் தொடையில் தாளம் போடுகிற கிழவருக்கு அந்த வேலை இருக்கிறது. நுங்கம்பாக்கத்துக் கலாச்சார மையங்களின் சிறு அரங்குகளில், கிதாரோடு பாடும் பையன்களுக்கு முன்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் கூட்டத்துக்குப் பெரும்பாலும் இல்லை.

இந்த நகரத்தில் கேட்பவனுக்கு முழு வேலையும் தருகிற ஒரே ராத்திரிக் கச்சேரி சாவு வீட்டுக் கானா. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவரின் தகப்பனார் புளியந்தோப்பில் இறந்தபோது விடியும்வரை அங்கே இருந்தேன். டோலக் ஒன்று. மற்றபடி தட்டினால் சப்தம் வருகிற எதுவும் வாத்தியம். பாடகர் தாளமில்லாமல் இழுத்துத் தொடங்கினார். பெரியவரின் பெயரையும், மகன்களின் பெயர்களையும், அவர் மூட்டை தூக்கிய இடத்தையும் பாட்டில் வைத்தார். ஒரு பெயர் விழுந்ததும் உள்ளே பெண்களின் அழுகை எழும்பியது. அது தணியும்வரை அடுத்த அடி வரவில்லை. டோலக்காரர் விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். பாட்டின் நீளத்தை அந்த வீட்டுத் துக்கம் தீர்மானித்தது. வரிகள் எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்லமாட்டேன். சில வெறும் எதுகை. ஆனால் கேட்பவர்களை இவ்வளவு கவனமாகக் கேட்ட பாடகரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது இந்தக் கானா ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் வந்து நின்றது. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் திரட்டிய குழு. பத்தொன்பது பேர், சூட் அணிந்து. பெயர் 'சாதி இல்லாத தமிழர்' என்ற அயோத்திதாசரின் சொல்வழக்கிலிருந்து வந்தது. மறுநாள் முதல் எழுதப்பட்டவற்றில் அவர்கள் எதைப் பற்றிப் பாடினார்கள் என்பதெல்லாம் இருந்தது: இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, இன்னும் பல. மைதானத்தில் என் காதில் விழுந்தது வேறு சில விஷயங்கள். டோலக்கும் சட்டியும் முன்னால் நின்று கிதார் ஒதுங்கிக்கொண்ட இடங்களில் கூட்டம் தானாகவே அசைந்தது. டிரம்ஸ் முழு வீச்சில் இறங்கிய இடங்களில் டோலக்கின் இடது கைச் சறுக்கல் அடியோடு காணாமற்போயிற்று. கானாக்காரர் அடியின் கடைசிச் சொல்லை இழுத்துத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விழவைப்பார். அந்தத் தாமதத்தில்தான் கிண்டலும் இருக்கிறது, துக்கமும் இருக்கிறது. பத்தொன்பது பேர் ஒன்றாகப் போகவேண்டிய அவசியத்தில் அந்தத் தாமதத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. சில பாட்டுக்கள் தாளம் போட்ட மேடைப்பேச்சு. இசைவாணி பாடியபோது மட்டும் மொத்தமும் வேறாக இருந்தது. ஆண்களே நிறைந்த துறையில் அன்று குழுவிலிருந்த ஒரே பெண். குரலை அழகுபடுத்திக்கொள்ளாமல் பாடினார். என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், முன்பின் கேட்டிராத பாட்டின் இரண்டாம் அடியை ஊகித்துக்கொண்டு கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்.

இதையெல்லாம் இப்போது சொல்லலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எப்போது சொல்லலாம் என்று அவரிடம் தேதி கேட்டேன். ஒரு வித்வானின் பிருகாவை மயிரிழையாகப் பிளந்து பேசுகிற நாம், டோலக்காரரின் விரலைக் கவனிக்காமல் அவர் தரப்புக் கருத்துக்காக மட்டும் கைதட்டுவது உபகாரச் சம்பளம் கொடுக்கிற மாதிரி. வாங்குகிறவருக்கு அது தெரியும்.

2017இல் வந்த 'சென்னை பொறம்போக்கு பாட'லையும் இப்படித்தான் கொண்டாடி ஒதுக்கினோம். எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவு, டி.எம். கிருஷ்ணா, ராகமாலிகை என்று தலைப்புச் செய்திகளோடு நின்றுவிட்டது. கபேர் வாசுகி எழுதிய சொற்கள் சென்னைப் பேச்சு. அதன் குறுகிய உயிரெழுத்துக்கள் ராகம் கேட்கிற நீட்சிக்கு மறுக்கின்றன. பாடகர் அங்கங்கே அந்த மறுப்புக்கு வளைந்துகொடுக்கிறார், அங்கங்கே அதை மிதித்துக்கொண்டு போகிறார். வளைந்த இடங்களில் பாட்டு உயர்ந்திருக்கிறது.

டி.ஜே. இரவுகள் தனி உலகம். தமிழ்நாட்டில் 2003இலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். நட்சத்திர ஹோட்டல்களின் பாருக்குத் தனி லைசென்ஸ். ஆகவே இங்கே நடனத் தளம் என்பது பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டலுக்குள் ஓர் அறை. தனியாக வரும் ஆணைப் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நான் பார்த்ததெல்லாம் நண்பர் தம்பதி ஒருவரின் தயவில். டி.ஜே.யின் தொழிலில் எனக்கு மரியாதை உண்டு. ஒரு பாட்டின் வாலை இன்னொன்றின் தலைக்கடியில் நுழைத்து, இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தி, எது எதன் பக்கத்தில் வரலாம் என்று தீர்மானிப்பது நல்ல தொகுப்பாசிரியனின் வேலை. முதல் ஒரு மணி நேரம் அவர் தனக்குப் பிடித்ததைப் போடுகிறார். பத்தரை வாக்கில் யாராவது காதருகே போய் ஏதோ சொல்கிறார்கள். உடனே குத்து. அதுவரை கண்ணாடித் தம்ளரோடு நின்றவர்கள் அத்தனை பேரும் தளத்தில். பாடையோடு தெருவில் இதே அடி வந்தால் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறவர்கள்தான். அவர்கள் கால்கள் பொய் சொல்லவில்லை, அடி அவ்வளவு ஆழமானது. செத்தவர் மட்டும் இல்லை. 2000ஆம் வருஷத்து ஒலி விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. அடி ஒன்றேயானாலும் பத்து மணிக்குமேல் மைக் வைத்தால் புளியந்தோப்பில் குற்றம், ஹோட்டலுக்குள் குற்றமில்லை.

செத்தவர் இல்லாமல் ஒப்பாரி என்ன ஆகிறது என்பதற்கு 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் என்ஜாமி'யைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து, அவருடைய இலங்கைத் தேயிலைத் தோட்டத்து நினைவுகளிலிருந்து எடுத்தது அதன் பொருள். தோட்டம் போட்டவருக்கே தண்ணீர் எட்டாத சங்கதி. தீயும் அறிவும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அதே ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் அதைக் கேள்வி கேட்டபின் அவருக்கென்று இணையத்தில் தனி அட்டை போட்டார்கள். 2022 ஜூலை 28 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு நடந்தது. யார் இயற்றியது என்று பொதுவில் சச்சரவு. அந்தப் பாட்டினால் தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். சினிமாவுக்கு வெளியே நின்ற சுயாதீனம் இது. என் அபிப்பிராயத்தில் பாட்டின் ஒலி மிகவும் துடைத்து வைத்த ஒலி. குழந்தைகள் குயிலைக் கூப்பிட்டுக் குதிக்கிற அளவுக்குச் சுத்தம். அறிவு மூச்சுவிடாமல் ஓடுகிற பகுதிகளில்தான் பாட்டியின் குரல் கொஞ்சம் கரகரக்கிறது. 'தெருக்குறள்' (2019) தொகுப்பில் அந்தக் கரகரப்பு இன்னும் அதிகம். அதைப் பற்றி நம் பக்கங்களில் நான் படித்தது ஒன்றுமில்லை.

படிக்காததற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. நம்மிடம் கமகத்துக்கும் குழைவுக்கும் சொற்கள் இருக்கின்றன. டோலக்கின் இடது கைக்கு என்ன சொல்? நான் மேலே 'சறுக்கல்' என்று எழுதியது என் கைச்சரக்கு. சாவு வீட்டில் டோலக்காரரிடம் கேட்டபோது அவர் ஒரே மூச்சில் நாலைந்து பேர் சொன்னார். அழுகைச் சத்தத்தில் ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. இந்த இதழின் ஆசிரியரிடம் சந்தாதாரர்களில் புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் யாராவது உண்டா என்று விசாரித்தேன். பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெரம்பூரில் ஒருவர் இருந்தார், போன வருஷம் புதுப்பிக்கவில்லை என்றார்.