தலைவன் போன பிறகும் வெல்லும் அணி

சம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இங்கே நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். பட்டிப்பொலக் குளிரில் போர்வைக்குள் இருந்து ஃபோனில் அதைப் பார்க்கும் பையன்களிடம் எல்லாக் காலத்துக்கும் பெரிய கழகம் எது என்று கேட்டால், ரியல் மட்ரிட் என்பார்கள். கிண்ணங்களை எண்ணினால் அது சரிதான். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஐரோப்பியக் கிண்ணங்கள்; சம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர் அது. ஐந்தாவது இறுதியாட்டத்தில் பிராங்பர்ட்டை 7-3 என்று வென்றபோது புஸ்காஸ் நான்கு, டி ஸ்டெபனோ மூன்று. ஆனால் 1955இல் தொடங்கிய முதல் தொடரில் இருந்தவை 16 கழகங்கள்தான். ஏழு ஆட்டங்களில் கிண்ணம் கைக்கு வந்தது. சிடானின் பயிற்சியில் 2016, 2017, 2018இல் வென்ற ஒவ்வொரு கிண்ணத்துக்கும் மட்ரிட் 13 ஆட்டங்கள் ஆடியது. பழைய ஐந்தைவிட இந்த மூன்றே எனக்குப் பெரிது.

இருந்தாலும் என் முதலிடம் லிவர்பூலுக்கு. ஓர் அணியின் உயிர்நாடியான ஆள் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். 1971 முதல் மூன்று முறை தொடர்ந்து வென்ற அயாக்ஸ், 1973இல் குரூஃப் பார்சிலோனாவுக்குப் போன அந்தப் பருவத்திலேயே சோபியாவின் சிஎஸ்கேஏவிடம் தோற்று வெளியேறியது. லிவர்பூலில் 1977 கிண்ணத்தோடு கீகன் ஹம்பர்க் போனார். அவர் இடத்துக்கு வந்த டல்கிளிஷ், அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தார். பயிற்றுவிப்பாளர்கள் விஷயத்திலும் இதே கதை. ஷாங்க்லி 1974இல் விலக, உதவியாளர் பெய்ஸ்லி பொறுப்பேற்று மூன்று ஐரோப்பியக் கிண்ணங்கள் கொண்டுவந்தார். அவரும் 1983இல் ஓய்வு பெற, ஃபேகன் அடுத்த ஆண்டே ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ரோமா கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே பெனால்டியில் வீழ்த்தினார். பெய்ஸ்லியும் ஃபேகனும் லிவர்பூல் மைதானத்தில் பூட்ஸ் அடுக்கும் ஒரு சின்ன அறையில் பயிற்றுவிப்பாளர்கள் கூடிப் பேசும் பேச்சில் ஊறியவர்கள். 1976 முதல் 1984 வரை ஒன்பது பருவங்களில் ஏழு லீக் பட்டங்கள்!

தலைவன் போனதும் தேய்ந்ததற்கு நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பள்ளி ஆசிரியராக இருந்த ரஹீம் பயிற்றுவித்த ஹைதராபாத் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கிண்ணத்தைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1962 ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவரும் அவரே. 1963இல் அவர் மறைந்தார். ஹைதராபாத் உதைபந்தாட்டம் மெல்லத் தேய்ந்தது. நம் தோட்டத்து அணிகளுக்கும் இதே நோய்தான். கோல் அடிக்கிற பையன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனால் அணியே கலைந்துவிடும். அவனுக்குப் பின்னால் இன்னொருவனை யாரும் தயார் செய்வதில்லை.

மட்ரிட்டையும் குறைத்துச் சொல்ல முடியாது. ரொனால்டோ போன பின்னும் 2022இலும் 2024இலும் வென்றார்கள். இப்போது குரூஸ் இல்லை, நாச்சோ இல்லை, மொட்ரிச்சும் 2025இல் மிலானுக்குப் போய்விட்டார். இந்த வெற்றிடத்தையும் நிரப்பிக்கொண்டு மட்ரிட் மீண்டும் ஐரோப்பாவை வென்றால், முதலிடத்தை அவர்களுக்கே கொடுப்பேன்.