இரண்டே சுரங்கள்

1976 டிசம்பர் கடைசியில், மான்செஸ்டரின் பங்க் குழுவான பஸ்காக்ஸ் ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தது. இசைத்தட்டுக் கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, தங்கள் வெளியீட்டுக்கு ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று தாங்களே ஒரு பெயர் வைத்து, 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற சிறு இசைத்தட்டை வெளியிட்டார்கள். முதலில் போட்டது 1,000 பிரதிகள்.

அதில் ‘போர்டம்’ பாட்டைக் கேளுங்கள். கிட்டார் தனி வாசிப்பு என்றாலே ராக் இசையில் விரல் வித்தை காட்டும் இடம். குழுவின் கிட்டார் கலைஞர் பீட் ஷெல்லி அங்கே இரண்டே சுரங்களை விடாப்பிடியாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். சலிப்பைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வாசிப்பை எந்த மேதையும் தந்திருக்க முடியாது. ஒரு தடவை கேட்டால் போதும், காதை விட்டுப் போகாது.

உறையின் பின்பக்கம் இன்னும் அழகு. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் சரியாக வந்தது, அதன்மேல் எத்தனை முறை சேர்த்துப் பதிந்தார்கள் என்பதையும் அச்சடித்துவிட்டார்கள். தொழில் ரகசியத்தை இப்படித் திறந்து வைத்தது பெரிய கொடை. ‘நாமும் செய்யலாமே’ என்று பிரிட்டனெங்கும் இளைஞர்கள் சொந்தமாகத் தட்டு போடக் கிளம்பினார்கள். பெரிய கம்பெனிகளைச் சாராத ‘இண்டி’ இசை அங்கிருந்துதான் வேர்பிடித்தது. இந்தத் தட்டைத் தயாரித்த மார்ட்டின் ஹானெட்தான் 1979இல் ஜாய் டிவிஷன் குழுவின் ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ தொகுப்பையும் உருவாக்கினார். பஸ்காக்ஸின் மதிப்பும் குறையவில்லை: 1994இல் ராக் குழுவான நிர்வாணா தன் கடைசி ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு அவர்களை உடன் அழைத்துக்கொண்டது.

பங்க் என்றால் வெறும் கூச்சல் என்று ஒதுக்கியவர்கள் இந்த நான்கு பாட்டுகளுக்கு ஒருமுறை காது கொடுக்கட்டும். மொத்தமே பத்து நிமிடம்தான்.