தொலையாத நோட்டு

ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயரில் இரண்டு பிழை. முதலில், அது நோட்டே இல்லை. தைக்காத உதிரித் தாள்கள், நூற்றுச் சொச்சம் பக்கம். இரண்டாவது, கண்டுபிடித்தபோது அது தொலைந்தும் போயிருக்கவில்லை. கேம்பிரிட்ஜில், டிரினிட்டி காலேஜின் ரென் நூலகத்தில், ஒரு பெட்டிக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சமாசாரம் மறுபடி ஞாபகம் வந்ததற்குக் காரணம், ராமானுஜனின் கடிதங்களை புரூஸ் பெர்ன்ட், ராபர்ட் ராங்கின் என்ற இரண்டு கணித மேதைகள் தொகுத்து 1995-ல் வெளியிட்ட 'ராமானுஜன்: லெட்டர்ஸ் அண்ட் காமென்டரி' என்ற புத்தகம். கணக்கென்றாலே ஜுரம் வருகிறவர்களும் பயப்பட வேண்டாம். சமன்பாடு வரும் பக்கங்களைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டுவதுபோலத் தாண்டிவிடுங்கள். மிச்சமிருப்பது ஒரு மனுஷனின் கதை.

1913 ஜனவரி 16. மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தா, கேம்பிரிட்ஜில் இருக்கும் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். இந்தக் கதை நம் எல்லோருக்கும் பாடம். ஆனால் அடுத்த மாதம் எழுதிய இரண்டாவது கடிதத்தைப் பாருங்கள். தான் அரைப்பட்டினி என்று ஒளிக்காமல் சொல்கிறார். மூளை வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் வயிற்றுக்கு வேண்டும். நீங்கள் பரிவாக நாலு வரி எழுதினால் இங்கே ஸ்காலர்ஷிப் கிடைக்க உதவும் என்கிற தோரணை. மேதைமை பற்றிய நம் மேடைப் பேச்சுகளில் இந்த வயிறு வருவதே இல்லை. கடிதத்தில் வருகிறது.

1918-ல் மேட்லாக் சானடோரியத்தில் படுத்திருந்தபோது ராமலிங்கம் என்ற நண்பர் போய்ப் பார்த்துவிட்டு ஹார்டிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். பெரும்பாலும் சாப்பாட்டு விவகாரம்தான். படிக்கிறபோது, ஊருக்குப் போய்ப் பையனைப் பார்த்துவிட்டு வந்த பெரியப்பா கவலையோடு சொல்வதுபோல இருக்கிறது. அதே வருஷம்தான் எஃப்.ஆர்.எஸ்., அதே வருஷம்தான் டிரினிட்டியின் ஃபெலோ.

கடைசிக் கடிதம் 1920 ஜனவரி 12. 'மாக் தீட்டா' என்று புதிதாக ஒரு வகைச் சார்புகளைக் கண்டுபிடித்திருப்பதாக ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26-ல் இறந்துபோனார். வயது 32.

அந்தக் கடைசி வருஷத்துத் தாள்கள் என்ன ஆயின? மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1923-ல் ஒரு கட்டை ஹார்டிக்கு அனுப்பியது. ஹார்டியிடமிருந்து ஜி.என்.வாட்சனுக்குப் போயிற்று. இந்த வாட்சன் 1935-ல் மாக் தீட்டா பற்றி ஒரு பிரமாதமான உரை நிகழ்த்தியவர். தன் பெயர் ஷெர்லக் ஹோம்ஸின் சிநேகிதர் பெயராக இருப்பதால், உரைக்கு 'ஃபைனல் ப்ராப்ளம்' என்று ஹோம்ஸ் கதையின் தலைப்பையே வைத்தார். ஆனால் கைக்கு வந்த தாள்களைப் பற்றி மூச்சு விடவில்லை. 1965-ல் காலமானார்.

இரங்கல் கட்டுரை எழுதுவதற்காக விட்டேக்கர் என்ற பேராசிரியர் வாட்சன் வீட்டுக்குப் போனார். படிக்கிற அறையில் தரை முழுக்க ஓர் அடி உயரத்துக்குக் காகிதம். இன்னும் சில நாளில் எரித்துவிடப் போகிறார்கள். அந்தக் குவியலில் குருட்டாம்போக்கில் கைவிட்டு எடுத்ததில் அகப்பட்டவைதான் ராமானுஜனின் தாள்கள். அவை ராங்கினிடம் போய், அவர் மூலமாக 1968 டிசம்பரில் டிரினிட்டிக்கு வந்து சேர்ந்தன. ஆம், இந்தக் கடிதத் தொகுப்பின் ஆசிரியர்களில் ஒருவரான அதே ராங்கின்.

பிறகு எட்டு வருஷம் அமைதி. இத்தனைக்கும் அது ராமானுஜனின் சொந்தக் காலேஜ். நியூட்டன் படித்த புத்தகங்களும், வின்னி த பூவின் கையெழுத்துப் பிரதியும் இருக்கிற இடம். 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர், வாட்சன் விட்டுப்போனதில் ஏதாவது தேறுமா என்று பார்க்க வந்தவர், பெட்டியைத் திறந்தார். அவர் டாக்டர் பட்டம் வாங்கியதே மாக் தீட்டாவில். அதனால்தான் பார்த்த மாத்திரத்தில் பொறி தட்டியது. வேறு யாராவது திறந்திருந்தால் "ஏதோ கணக்கு" என்று மூடி வைத்திருப்பார்கள். அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள். அவற்றை நிரூபித்து விளக்க ஆண்ட்ரூஸும் பெர்ன்ட்டும் ஐந்து தொகுதிகள் எழுத வேண்டியிருந்தது. முதல் தொகுதி 2005-ல், கடைசித் தொகுதி 2018-ல்.

ஆக, ஆவணக் காப்பகம் என்பது வெறும் அலமாரி இல்லை. மூன்று பேர் வேண்டும். எரிக்காமல் எடுத்து வைக்க ஒருவர், வாங்கி வைத்துக்கொள்ள ஒருவர், திறந்தால் புரிகிற ஒருவர். இதில் ஒருவர் குறைந்தாலும் குப்பைதான்.

இனி என் மனத்தாங்கல். இந்தத் தொகுப்பில் பாராட்ட நிறைய இருக்கிறது. கடிதத்தில் பெயர் வருகிறவர்களைக்கூட விடாமல் யார், எவர் என்று விசாரித்திருக்கிறார்கள். ஆனால் படித்து முடித்ததும் ஓர் அறை பூட்டியே கிடப்பது தெரிகிறது. அது தொகுத்தவர்களின் குற்றமில்லை. ஐந்து வருஷம் கணவன் சீமையில், மனைவி இங்கே. தான் எழுதிய கடிதங்களை மாமியார் மறித்துவிட்டார் என்று ஜானகி அம்மாள் பின்னாளில் சொன்னார். ராபர்ட் கனிகெல் 1991-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்த வேதனை விவரமாக இருக்கிறது. போய்ச் சேராத கடிதத்தை எந்தக் காலேஜும் அட்டைப்பெட்டியில் போட்டு வைக்க முடியாது.

இன்னொன்றும் இல்லை. ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்துவிடுவார். காகிதம் விலை. விடை மட்டும்தான் தாளுக்கு வரும். வழி முழங்கையோடு போயிற்று. காப்பகத்தில் இருப்பது வாழ்க்கை அல்ல. அழியாமல் மிஞ்சியது மட்டுமே. கடிதத் தொகுப்பு எதைப் படித்தாலும் இதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆனால் ஜானகி அம்மாளிடம் ஒன்று இருந்தது. 1936-ல் ஹார்டிக்கு ராமானுஜனின் நல்ல போட்டோ ஒன்று தேவைப்பட்டது. வானியல் விஞ்ஞானி எஸ்.சந்திரசேகர் மெட்ராஸில் அந்த அம்மாளைத் தேடிப் போனார். அவர் பத்திரமாக வைத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். ஸ்டாம்பிலும் பாடப் புத்தகத்திலும் நீங்கள் பார்த்த அந்தக் கூர்ந்த கண்கள் அதிலிருந்து வந்தவைதான். 1980-களில் உலகத்துக் கணித மேதைகள் பணம் போட்டு மார்பளவுச் சிலை செய்தபோதும் இதுதான் மாதிரி.

சூத்திரங்களைக் காப்பாற்றியது டிரினிட்டி. முகத்தைக் காப்பாற்றியது, 21 வயதில் விதவையாகி, தையல் மெஷினை நம்பித் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ஒரு பெண்மணி. அவருக்கு கேட்டலாக் கிடையாது, கையுறை போட்ட நூலகர் கிடையாது. ஒரு பெட்டி மட்டும் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம். பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்குமுன் ஒரு தடவை திறந்து பாருங்களேன்.