கண்ணாடிப் பேழைக்குப் பிறகு

கத்தரிக்காய் காய்த்துவிட்டால் கதை முடிந்தது என்பது நம் வீடுகளில் கதை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். அதற்குமேல் இளவரசி என்ன ஆனாள், அரக்கனின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஐரோப்பிய நாட்டார் கதைகளுக்கும் இதே ஒப்பந்தம் உண்டு. கிரிம் சகோதரர்கள் நமக்குத் தந்துவிட்டுப் போன ஸ்னோ ஒயிட் கதையில், பேழையைச் சுமப்பவர்கள் தடுக்கி விழப் போகிறார்கள். அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே விழுகிறது. பெண் எழுந்து உட்காருகிறாள். திருமணம் நடக்கிறது. சிற்றன்னை பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணி அணிந்து ஆடி ஆடிச் சாகிறாள். அவ்வளவுதான். 2002இல் அமெரிக்காவின் டிசி நிறுவனம் தன் வெர்டிகோ பிரிவில் தொடங்கிய 'ஃபேபிள்ஸ்' என்ற காமிக்ஸ் தொடர் இந்த ஒப்பந்தத்தை மீறியது. பில் வில்லிங்ஹாம் எழுதினார். முதல் கதையை லான் மெடினா வரைந்தார், பின்னர் தொடரின் பெரும்பகுதியை மார்க் பக்கிங்ஹாம் வரைந்தார். 2015இல் 150ஆம் இதழோடு முதலில் நிறைவுற்றபோது, காமிக்ஸ் உலகின் உயரிய விருதான ஐஸ்னர் விருதைப் பலமுறை வென்றிருந்தது. பழங்கதை மாந்தரை இன்றைய மனிதராக்கும் வழக்கத்தை எடைபோட இதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை. அந்த வழக்கத்தின் பலமும் பலவீனமும் இதில் முழு அளவில் இருக்கின்றன.

தொடரின் அடிப்படை எளியது. 'எதிரி' என்று மட்டும் அறியப்படும் ஒருவனின் படைகள் கதைமாந்தரின் தாயகங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கின்றன. தப்பியவர்கள் நம் உலகுக்கு வந்து, நியூயார்க் நகரின் ஒரு தெருவில் மனிதர்களுக்குத் தெரியாமல் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். மனித உருவம் இல்லாதவர்களும், மந்திரத்தால் அதை வாங்கிக்கொள்ளப் பணம் இல்லாதவர்களும் நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் அடைபட்டிருக்கிறார்கள். ஆக இது அகதிகளின் கதை. நாடிழந்த ராஜாக்களிடம் பட்டம் இருக்கிறது, வாடகை கொடுக்கக் காசில்லை. இந்தத் தொடரை வாசித்து நான் வந்தடையும் முடிவு இது: பழைய கதையின் நிபந்தனையை உயிரோடு காப்பாற்றி, அதையே புதிய வாழ்க்கையின் நடைமுறையாக மாற்றும்போது மறுபடைப்பு வெல்கிறது. பழைய கதை வேண்டுமென்றே காலியாக விட்ட இடத்தை விளக்கத்தால் அடைக்கும்போது தோற்கிறது. நிபந்தனை வேறு, பெயர் வேறு. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது வேடம். நிபந்தனையை எடுத்துக்கொண்டால்தான் பாத்திரம் கிடைக்கும்.

ஸ்னோ ஒயிட்டையே எடுத்துக்கொள்வோம். தொடரில் அவள் துணை மேயர். மேயர் பதவி கோல் ராஜாவுக்கு. வேலை முழுவதும் அவளுக்கு. கணக்கு, மனு, குடியிருப்பு, சண்டை தீர்ப்பது என எல்லாம் அவள் மேசைக்கு வருகின்றன. முதல் பார்வையில் இது வழக்கமான நவீனப்படுத்தல் போலத் தெரியும்: பேழையில் உறங்கியவளைக் கோப்புகளோடு உட்கார வைத்துவிட்டார்கள், அவ்வளவுதானே என்று. ஆனால் கிரிம் கதையைத் திரும்பப் படித்தால் ஒன்று தெரியும். காட்டில் ஓடிவந்த சிறுமிக்குக் குள்ளர்கள் அடைக்கலம் தருவது இலவசமாக அல்ல. சமைக்க வேண்டும், படுக்கை விரிக்க வேண்டும், துவைக்க வேண்டும், தைக்க வேண்டும், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறார்கள்; அவள் ஒப்புக்கொள்கிறாள். உயிர் பிழைக்க ஓடிவந்த பெண் பிறர் வீட்டை நிர்வகித்துத்தான் பாதுகாப்பைச் சம்பாதிக்கிறாள். இரண்டு நூற்றாண்டு வாசகர்கள் கண்ணாடியையும் ஆப்பிளையும் நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலை மறந்துவிட்டார்கள். அதே நிபந்தனையின் பெரிய வடிவம்தான் துணை மேயர் பதவி. இப்போது அவள் ஏழு பேருக்கு அல்ல, ஓர் அகதிச் சமூகத்துக்கே வீடு நடத்துகிறாள். பெயர் வேறொருவருக்குப் போகிறது. இப்படி ஒரு மறுபடைப்பு பழைய கதையில் நம் கண்ணுக்குத் தப்பிய வரியை நமக்குப் படித்துக் காட்டுகிறது.

இந்த முறை மற்ற மாந்தரிடமும் வேலை செய்கிறது. முதல் இதழிலேயே அழகியும் மிருகமும் ஸ்னோ ஒயிட்டின் அலுவலகத்துக்கு வருகிறார்கள். மனைவிக்கு அவன்மேல் கோபம். ஆகவே அவன் முகத்தில் மிருகம் திரும்பிக்கொண்டிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதையில் காதல் ஒருமுறை சாபத்தை நீக்கினால் அது நீங்கியதுதான். இங்கே அது தினமும் நீக்கப்பட வேண்டியிருக்கிறது. மனைவியின் மனநிலை கணவனின் முகத்தில் தெரிகிறது; முகம் கெட்டால் பண்ணைக்குப் போக வேண்டியதுதான். பல நூற்றாண்டு நீண்ட ஒரு திருமணத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒரு காட்சி சொல்லிவிட முடியாது. இத்தாலிய எழுத்தாளர் கொலோடி எழுதி 1883இல் நூலாக வெளிவந்த கதையின் பினோக்கியோவும் அப்படியே. நிஜமான சிறுவனாக வேண்டும் என்ற வரம் அப்படியே பலித்துவிட்டது; ஆகவே அவன் வளரவே இல்லை, முதிர்ந்த மனத்தோடு சிறுவனின் உடலில் மாட்டிக்கொண்டிருக்கிறான். அவனைச் செதுக்கிய ஜெப்பெட்டோதான் அந்த 'எதிரி' என்று பின்னால் தெரியவரும்போது, அது வெறும் அதிர்ச்சித் திருப்பமாக நிற்பதில்லை. சொன்னபடி கேட்கும் பிள்ளைகளை மரத்தில் செதுக்கும் ஆசைதான், ஒவ்வொரு சிம்மாசனத்திலும் ஒரு மரப்பொம்மையை உட்கார வைக்கும் பேரரசாக வளர்ந்திருக்கிறது. ஒரு தகப்பனின் பாசத்துக்குள் இருந்த அதிகார விருப்பத்தை அந்தத் திருப்பம் வெளியே கொண்டுவருகிறது.

ஓநாயிடம் வரும்போது இந்த முறை இன்னும் ஆழமாகிறது. சிவப்புக் குல்லாச் சிறுமியை விழுங்கிய, பன்றிகளின் வீட்டை ஊதித் தள்ளிய அதே ஓநாய் இங்கே பிக்பி என்ற பெயரில் காவல் அதிகாரி. கசங்கிய கோட்டும் சவரம் செய்யாத முகமுமாகப் பழைய அமெரிக்கத் துப்பறியும் கதைகளிலிருந்து எழுந்து வந்தவன் போல இருக்கிறான். ஓயாமல் புகைக்கிறான், அது தோரணைக்காக அல்ல. நகரத்தின் நாற்றங்களிலிருந்து தன் ஓநாய் மூக்கை மழுங்கடித்துக்கொள்ளப் புகைக்கிறான். அவன் வடக்குக் காற்றின் மகன் என்று பின்னர் தெரிகிறது; பன்றியின் வீட்டை ஊதித் தள்ளிய மூச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே பதில். குடியேறும்போது பழைய குற்றங்கள் அனைத்துக்கும் பொது மன்னிப்பு வழங்கப்பட்டதால்தான் அவனால் அங்கே வாழ முடிகிறது. ஒரு காட்சியில், பண்ணையிலிருந்து தப்பிவந்த ஒரு பன்றி அவன் வீட்டில் உரிமையோடு தங்குகிறது. வீட்டை இடித்தவனின் வீட்டில், இடிபட்டவன் விருந்தாளி. வன்முறை செய்தவரும் அனுபவித்தவரும் ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டிய சமூகங்கள் உலகில் உண்மையாகவே இருக்கின்றன. மன்னிப்பைச் சட்டமாக்கலாம், நினைவைச் சட்டத்தால் அழிக்க முடியாது என்பதை அந்தப் பன்றி தன் இருப்பாலேயே சொல்லிவிடுகிறது.

காமிக்ஸ் என்ற வடிவம் இதற்கு என்ன சேர்க்கிறது என்றும் கேட்க வேண்டும். சுவிட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூத்தி, 1947இல் வெளியான தன் நூலில், நாட்டார் கதை மாந்தருக்கு ஆழம் கிடையாது என்று காட்டினார்: அவர்களுக்கு உள்மனம் இல்லை, உடல் வலியும் இல்லை. விரலை வெட்டிச் சாவியாக்கும் பெண்ணுக்கு ரத்தம் வழிவதைக் கதை சொல்வதில்லை. ஆனால் வரையப்பட்ட உருவத்துக்கு உடல் இருந்தே தீரும். பண்ணையில் நடக்கும் கலகத்தின் முடிவில் ஸ்னோ ஒயிட் தலையில் சுடப்படுகிறாள்; பிழைக்கிறாள். பேழையிலிருந்து எழுந்தவள் பூப்போல எழுந்தாள். இந்த முறை எழுந்தவள் அடுத்து வரும் இதழ்களில் கைத்தடி ஊன்றி நடக்கிறாள். மீண்டு எழுதலுக்கு விலை உண்டு என்பதை வசனம் சொல்லவில்லை, அந்தத் தடி சொல்கிறது. பக்கிங்ஹாம் பக்க ஓரங்களில் வரையும் அலங்காரப் பட்டைகளும், முதல் 81 இதழ்களுக்கு ஜேம்ஸ் ஜீன் தீட்டிய அட்டைகளும் பழைய கதைப் புத்தகத்தை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன. ஓரத்தில் கனவு, நடுவே வாடகைப் பாக்கி. இந்த இழுபறியை உரைநடையில் இவ்வளவு எளிதாகக் கொண்டுவர முடியாது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். தொடரின் பெரிய பலவீனம், எதையும் விளக்காமல் விட மனம் வராதது. 2006இல் வந்த துணை நூலொன்றில், குள்ளர்கள் ஸ்னோ ஒயிட்டுக்கு இழைத்த கொடுமையும் அவள் வாள் பயின்று அவர்களைப் பழிதீர்த்ததும் சொல்லப்படுகின்றன. இதில் என் மறுப்பு வன்முறையைப் பற்றியது அல்ல. இரும்புக் காலணிகளில் முடியும் கதையை மென்மையான கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிரிம்களின் முதல் பதிப்பில் சிறுமியைக் கொல்லத் துடிப்பது பெற்ற தாய்தான். பின்னர்தான் அவள் சிற்றன்னையாக மாற்றப்பட்டாள். மறுப்பு விளக்கத்தைப் பற்றியது. மேலே சொன்ன வேலைப் பட்டியல் நம்மை யோசிக்க வைத்தது, ஏனென்றால் குள்ளர்கள் நல்லவர்களா சுரண்டுபவர்களா என்று கதை தீர்ப்பு எழுதவில்லை. இங்கே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அடைக்கலத்துக்கும் உழைப்புக்கும் இடையே இருந்த கூர்மையான சந்தேகம், குற்றமும் பழியுமாகத் தட்டையாகிறது. ஒரு பெண்ணின் உறுதிக்குப் பின்னால் ஒரு பாலியல் வன்கொடுமை இருந்தாக வேண்டும் என்பதும் நம் காலம் களைப்பின்றித் திரும்பத் திரும்பச் சொல்லும் சூத்திரம். துணை மேயரின் உறுதிக்கு அது தேவைப்படவில்லை.

இரண்டாவது குறை, தொலைவிலிருந்து வரும் கதைகளை நடத்தும் விதம். பாக்தாத்திலிருந்து சிந்துபாத் தூதராக வரும் பகுதியில் வருபவை அடிமைகள், வஞ்சக அமைச்சர், குப்பிக்குள் அடைத்த பூதம். ஐரோப்பிய மாந்தருக்குக் கிடைத்த கேள்வி, அதாவது கதை முடிந்தபிறகு உன் வாழ்க்கை என்ன ஆயிற்று என்பது, இவர்களிடம் கேட்கப்படவே இல்லை. ஆயிரத்தொரு இரவுகளின் மாந்தர் மேற்குலகம் எப்போதோ வாங்கி வைத்த ஆடையிலேயே மேடையேறுகிறார்கள். 50ஆம் இதழில் பிக்பி தன் சமூகத்தை இஸ்ரேலோடு ஒப்பிட்டுப் பேசுவதும் இதோடு சேர்ந்தது. நாடிழந்தவர்கள் என்ற பொதுவான துயரம், அந்த ஒரே பேச்சில் ஒரு நாட்டின் அரசியல் நிலைப்பாடாகச் சுருங்கிவிடுகிறது. பழங்கதையின் வலிமையே, எந்த அகதியும் தன்னை அதில் காணலாம் என்பதுதான். இந்த இடத்தில் சிலர் வெளியே நிறுத்தப்படுகிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நாட்டார் கதை எப்போதும் மாறிக்கொண்டுதானே வந்திருக்கிறது? பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் வெளியிட்ட கதையில் சிவப்புக் குல்லாக்காரியை ஓநாய் தின்றுவிடுகிறது, காப்பாற்ற ஆள் வரவில்லை. கிரிம்கள் வேட்டைக்காரனைக் கொண்டுவந்து வயிற்றைக் கிழித்து மீட்டார்கள். 1812 முதல் 1857 வரை ஏழு பதிப்புகளில் அவர்களே தம் கதைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அப்படியிருக்க வில்லிங்ஹாமை மட்டும் குறை சொல்வது என்ன நியாயம்? மாற்றியது குறையே அல்ல என்பதுதான் என் பதில். ஸ்னோ ஒயிட்டுக்கு ரோஸ் ரெட் என்ற தங்கையை அவர் கொண்டுவந்ததையே பாருங்கள். ஜெர்மன் மூலத்தில் பேழைக்காரியும் ரோஜாச் சகோதரியின் உடன்பிறப்பும் வேறு வேறு பெண்கள், வேறு வேறு கதைகள், பெயரும் வேறு. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே பெயர் வந்துவிட்டதால் அவர் இருவரையும் ஒருத்தியாக்கினார். மொழிபெயர்ப்பு விபத்திலிருந்து பிறந்த அந்தச் சகோதரிப் பகை, தொடரின் முதல் கதையிலிருந்து 150ஆம் இதழ் வரை அதன் முதுகெலும்பாக நிற்கிறது. இது அருமையான மாற்றம். சிக்கல் வேறிடத்தில். வாய்வழிக் கதையின் ஒவ்வொரு மாற்றமும் அடுத்த சொல்லிக்கு இடம் விட்டது. 150 இதழ்கள் தொடர்ச்சி பிசகாமல் ஓட வேண்டிய தொடரில் ஒருமுறை சொன்னது நிரந்தர உண்மையாகிறது. ஒவ்வொரு பின்கதையும் ஒரு கதவை அடைக்கிறது. மாதந்தோறும் வெளிவரும் இதழுக்கு அது தவிர்க்க முடியாத தேவை என்று சொல்லலாம். ஆனால் அதே தேவைக்கு உட்பட்டுத்தான் கைத்தடியும் பன்றியும் வரையப்பட்டன. அவை எதையும் அடைக்கவில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று தொடருக்கு வெளியே இருக்கிறது. 'எதிரி' யார் என்பதற்கு வில்லிங்ஹாம் முதலில் நினைத்தது பீட்டர் பேனை. அந்தப் பாத்திரத்தின் பதிப்புரிமைச் சிக்கலால் அதைக் கைவிட்டார். உரிமையாளர் இல்லாத கதைகள் இருந்ததால்தான் 'ஃபேபிள்ஸ்' பிறந்தது. 2023 செப்டம்பரில், பதிப்பகத்தோடு நீண்ட மனக்கசப்புக்குப் பிறகு, 'ஃபேபிள்ஸ்' இனிப் பொதுச்சொத்து என்று அவரே அறிவித்தார். தொடர் தங்களுக்கே சொந்தம் என்று டிசி உடனே மறுத்தது. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருள் அல்ல. ஊராரிடமிருந்து எடுத்ததை ஊராரிடமே திருப்பித் தர ஒரு படைப்பாளி விரும்பினார் என்பது முக்கியம். திருப்பித் தருவது அறிவிப்பால் மட்டும் நடப்பதில்லை. அடுத்தவர் தொடர்ந்து சொல்ல இடம் வைத்து எழுதுவதாலும் நடக்கிறது. அந்த அளவுகோலில், துணை மேயரும் கோபக்கார மனைவியும் அவளுடைய மிருகமும் வீடிழந்த பன்றியும் பொதுச்சொத்தாகிவிட்டார்கள்; பழைய கதையை இனி நாம் அவர்களை மறந்து படிக்க முடியாது. பழிதீர்த்த வாளும் பாக்தாதின் பூதமும் அந்தத் தொடரோடு நின்றுவிடும். பழங்கதையைக் கையில் எடுக்கும் எழுத்தாளரும் ஓவியரும் முதலில் அதன் மூலத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும். எல்லாரும் மறந்த ஒரு வரி அதில் நிச்சயம் இருக்கும். அங்கிருந்து தொடங்கினால் போதும்.